நாலு வட்டிக்கு ஒரு அட்டை

அப்பாவுக்கு அந்த அழைப்பு வந்தபோது மந்தாரக்குப்பத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். இரவு எட்டரை மணி. பேசியவன் முதலில் "ஐயா" என்றான். என் பெயரைச் சொல்லி, "உங்க பையன்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டான். அதன் பிறகு குரல் மாறிவிட்டது. "பையனைப் படிக்க வெச்சீங்களா, ஊரை ஏமாத்த வெச்சீங்களா? நாளைக்கு நாலு பேரு உங்க தெருவுக்கு வருவாங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

அப்பா என்னைக் கூப்பிட்டு, "எவ்ளோடா?" என்று மட்டும் கேட்டார். 1 லட்சத்து 80 ஆயிரம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வட்டி?" என்றார். மாதத்துக்கு மூன்றரை சதவீதம், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று விளக்கினேன். முப்பது வருடம் நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு வட்டிக்குக் கடன் வாங்கிப் பழகிய அவருக்கு, என் புள்ளியியல் பாடங்களைவிட வேகமாகக் கணக்கு ஓடும். "நூத்துக்கு நாலு வட்டிக்கு மேல வருதேடா. பேங்க்காரனா கந்து வட்டிக்காரனா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், கிரெடிட் கார்டு நிலுவைக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்திருந்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் வங்கிக்கும் ரிசர்வ் வங்கிக்கும் உட்பட்ட விஷயம், நுகர்வோர் ஆணையம் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத முடியாது என்பது அதன் சாரம். ஆக, தெருவில் தண்டல் விடுபவரைக் கேட்க 2003-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடுப்புச் சட்டமாவது இருக்கிறது. அதே வட்டியை ஏசி அறையில் உட்கார்ந்து வாங்கினால் அது வெறும் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் பட்டம் மேல் பட்டம் வாங்கிய எனக்கே இது இரண்டு வருடம் புரியவில்லை. 1 லட்சம் ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி 3,500, அதற்கு ஜிஎஸ்டி 630, ஆக 4,130 ரூபாய். ஸ்டேட்மென்டில் 'குறைந்தபட்சம் செலுத்த வேண்டிய தொகை' என்று பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும். மொத்தத்தில் 5 சதவீதம் என்று வாங்கும் அட்டையில் அது 5,200 ரூபாய் போல வரும். அதைக் கட்டினால் கடன் அடைகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அசலில் குறைவது 1,100 ரூபாய்கூட இல்லை. ஒரு வருடம் தவறாமல் இப்படிக் கட்டினால், புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாவிட்டாலும், நீங்கள் கட்டியிருப்பது சுமார் 59,000. நிலுவை இறங்கியிருப்பது சுமார் 12,000. இடையில் அதே அட்டையில் அரிசி வாங்கினால் அந்த அரிசிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. பழைய நிலுவை இருக்கும்வரை, விளம்பரத்தில் சொன்ன '45 நாள் வட்டியில்லாக் காலம்' உங்களுக்குக் கிடையாது.

'செலவைக் குறை, பட்ஜெட் போடு' என்று அறிவுரை சொல்லும் யூடியூப் ஆட்கள் இங்கேதான் ஆரம்பிப்பார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே தொகையை ஒரே ஊரில் இரண்டு பேர் கடன் வாங்குகிறார்கள். ஒருவர் வீட்டில் இருபது சவரன் நகை. கூட்டுறவு வங்கியில் வைத்தால் ஆண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிய வட்டியில் பணம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பட்டா நிலம் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் 'அடுத்த வருஷம் குடுடா மாப்ள' என்று சொல்ல ஒரு தாய்மாமன் இருக்கிறார். இன்னொருவரிடம் சம்பளச் சீட்டு மட்டும் இருக்கிறது. அவருக்கு அதே பணம் ஆண்டுக்கு 42 சதவீதம், வரி தனி. இருவரும் ஒரே வேலை பார்ப்பவர்களாக இருக்கலாம். இந்த 10-க்கும் 42-க்கும் இடையில் இருப்பதை வங்கிகள் 'ரிஸ்க்' என்கின்றன. தாத்தாவுக்கு நிலம் இருந்ததா இல்லையா என்பதைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். யாருடைய தாத்தாவுக்கு நிலம் இருந்திருக்கும், யாருடைய தாத்தாவுக்கு இருந்திருக்காது என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலியில் இது கண்ணுக்கே தெரியும். 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து நிலம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எடுக்கும்போது இழப்பீடு என்பது முதலில் பட்டா வைத்திருப்பவரின் பேச்சு. அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டவர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. டவுன்ஷிப்புக்குள் மரங்கள் அடர்ந்த தெருக்களில் வட்டம் வட்டமாக நிரந்தரத் தொழிலாளர்களின் குவார்ட்டர்ஸ். அதே சுரங்கத்தில் அதே ஷிஃப்டில் அதே நிலக்கரித் தூசியைக் குடிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வெளியே வாடகை வீட்டிலோ குப்பத்திலோ இருக்கிறார். 2023 ஜூலையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியதை நினைவிருக்கும். பணி நிரந்தரம் என்றால் நமக்குச் சம்பள உயர்வு மட்டும்தான் தோன்றுகிறது. நிரந்தரத் தொழிலாளிக்குச் சிக்கன நாணயச் சங்கக் கடன், பி.எஃப். முன்பணம், வீட்டுக் கடன், வங்கி மேனேஜர் நாற்காலி போட்டுப் பேசுவது என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் அந்த வரிசை முழுக்க மாறிவிடும். அப்பா ஒருமுறை ஒரு வங்கியில் தனிநபர் கடன் கேட்டுப் போனபோது முகவரியைப் பார்த்துவிட்டு, அந்த ஏரியாவுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 'நெகட்டிவ் ஏரியா' என்பது கடன் தொழிலில் புழங்கும் சொல். வசூல் கஷ்டம் என்று குறித்துவைத்த தெருக்கள். அதே தெரு முகவரிக்குப் பத்து வருடம் கழித்து எனக்குக் கூரியரில் கிரெடிட் கார்டு வந்தது. செல்போனில் நாலு தட்டு தட்டியதற்கு 1 லட்சத்து 50 ஆயிரம் லிமிட். பிறகு நான் கேட்காமலேயே 2 லட்சம் ஆக்கிக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி. முன்னேற்றம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஸ்டேட்டஸ்கூட வைத்தேன்.

எதற்குச் செலவு செய்தேன்? லேப்டாப், கள ஆய்வுக்கான பயணங்கள், தங்கையின் பிரசவத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டணம், விடுதி மெஸ் பாக்கி. ஒரு நல்ல ஷூவும் ஒரு ஹெட்போனும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சட்டை போட்டால் அடித்த ஊர்களிலிருந்து வருகிறோம். பாபாசாகேப் கோட்டு அணிந்ததை அரசியல் என்று கொண்டாடுகிற நாம், தவணையில் வாங்கிய செல்போன் என்று வந்தால் மட்டும் காந்தியவாதிகள் ஆகிவிடுகிறோம். ஆனால் ஷூ என்னை மூழ்கடிக்கவில்லை. மூழ்கடித்தது ஆராய்ச்சி உதவித்தொகை. மாதம் 37,000 ரூபாய் வர வேண்டும். 11 மாதம் வரவில்லை. அலுவலகம் மாற்றி அலுவலகம் மின்னஞ்சல் அனுப்பினேன், 'செயல்பாட்டில் உள்ளது' என்றார்கள். 4 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய் எனக்கு வர வேண்டியிருந்த காலத்தில்தான் நான் 1 லட்சத்து 80 ஆயிரம் கடனாளி. எனக்குத் தர வேண்டியவர்கள் தாமதத்துக்கு ஒரு பைசா வட்டி தரவில்லை. எனக்கு நாலு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அப்பாவை யாரும் இரவு எட்டரை மணிக்குக் கூப்பிடவில்லை.

இதை எழுதும்போது ரோகித் வெமுலாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2016 ஜனவரி 17-க்குப் பிறகு அவருடைய கடைசிக் கடிதத்தை நாம் எத்தனை மேடைகளில் வாசித்திருக்கிறோம். நட்சத்திரங்களைப் பற்றிய பகுதியை எல்லோருக்கும் மனப்பாடம். அதன் பின்பகுதியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், தனக்கு வர வேண்டும். நண்பர் ஒருவருக்கு 40 ஆயிரம் போல தான் தர வேண்டும், வரும் பணத்தில் அதைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். நண்பர் அதைத் திருப்பிக் கேட்டதே இல்லை என்றும் சொல்கிறார். அந்தப் பகுதியை நாம் வாசிப்பதில்லை. கவிதைபோல இல்லை என்பதாலா, கடன் பேச்சு மேடைக்கு அழகில்லை என்பதாலா தெரியவில்லை. எனக்கு இப்போது அந்தப் பகுதிதான் முதலில் கண்ணில் படுகிறது. கடனை மறக்காத ஒருவரின் நேர்மை அதில் இருக்கிறது. வசூல் ஏஜெண்டுகள் நம்மிடம் பிடித்து இழுப்பதும் அந்த நேர்மையைத்தான்.

கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதில் எனக்கு மறுப்பு இல்லை. கட்ட முடியாதபோது வரும் வெட்கம்தான் பிரச்சினை. அது எங்கிருந்து வருகிறது? ஆண்டை வீட்டில் வாங்கிய கடனுக்குத் தாத்தா படியாளாக இருந்தார். அவர் செத்தால் மகன். கல்யாணத்துக்கு வாங்கிய இரண்டு மூட்டை நெல்லுக்கு இரண்டு தலைமுறை உழைப்பு. 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் கொத்தடிமை என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்திலேயே, முன்பணத்தோடு, ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் உழைக்க நேர்வதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் அந்தக் கடன்களை அடியோடு செல்லாது என்றது. கடன் அழிந்தது, கடன்பட்டவன் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும் என்ற பழக்கம் அழியவில்லை. கோடிகளில் வாங்கிய நிறுவனம் தவணை தவறினால் அதைக் 'கடன் மறுசீரமைப்பு' என்பார்கள், ஹோட்டலில் உட்கார்ந்து பேசுவார்கள். நாம் தவறினால் தெருவுக்கு நாலு பேர் வருவார்கள்.

அப்பாவுக்கு வந்த அழைப்புக்குத் திரும்புகிறேன். அந்த ஒரு அழைப்பில் எத்தனை விதிமீறல் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரைக்கு எண் கொடுத்தவர்கள் ஆகியோரின் தனியுரிமையில் நுழையக் கூடாது. ஏஜெண்ட் என்ன செய்தாலும் பொறுப்பு வங்கிக்குத்தான். ஒரு தோழர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியவந்தது. அப்பாவின் செல்போனில் இருந்த அழைப்பு நேரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, என்ன பேசினான் என்பதை அப்படியே தமிழில் எழுதி, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். '30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போவேன்' என்று கடைசியில் ஒரு வரி. அங்கே புகார் செய்யக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். எனக்கு ஒம்புட்ஸ்மேன்வரை போக வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாவது நாள் அழைப்புகள் நின்றன. வேறொரு குரல், இந்த முறை ஒரு பெண், "சார், உங்களுக்கு எப்படிச் செட் ஆகும்னு பேசலாமா?" என்று கேட்டார். நான் 'சார்' ஆக ஒரு மின்னஞ்சல் போதுமாக இருந்தது.

வசூலுக்கு வருபவர் தெருவில் பலர் கேட்கச் சாதியைச் சொல்லித் திட்டினால் அது வங்கி விவகாரமே இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம், காவல் நிலையத்தில் பேச வேண்டியது. 'கடன் வாங்கியிருக்கோமே, எப்படிப் புகார் கொடுக்கிறது' என்று தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கினால் சட்டம் கொடுத்த உரிமை ஒன்றும் அடகுக்குப் போய்விடாது.

ஜெயில் பயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கட்ட முடியாத கிரெடிட் கார்டு நிலுவை சிவில் கடன். அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதை நிறைவேற்ற மனுப் போட்டாலும்கூட, வெறும் இல்லாமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிவிட்டார். வசதி இருந்தும் ஏமாற்றுகிறவர் கதை வேறு. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். சம்பளத்தை ஜப்தி செய்வதற்கும் எல்லை உண்டு. முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 20,000 சம்பளம் என்றால் 12,667 போக 1,000 போக, மிச்சம் 6,333-ஐத்தான் கேட்க முடியும், அதுவும் தீர்ப்புக்குப் பிறகு. பி.எஃப். பணத்தைத் தொடவே முடியாது. ஒரே எச்சரிக்கை, நீங்கள் கொடுத்த செக்கோ, கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதியோ பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காக மாறலாம். அதனால் அழுத்தம் தாங்காமல் 'தேதி போட்ட செக் கொடுங்க' என்று கேட்பவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கடனை என்ன செய்வது? எனக்குத் தெரிந்தவரை வழிகள் சில உண்டு, எல்லாமே கொஞ்சம் கசப்பானவை. வருமானம் இருக்கிறது, வட்டிதான் கொல்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு முதல் வழி, நிலுவையை அந்த அட்டையின் வட்டியிலிருந்து வெளியே எடுப்பது. தாமதமாக வந்த உதவித்தொகையில் 40,000 கட்டினேன். மீதி 1 லட்சத்து 40 ஆயிரத்தை 18 சதவீத வட்டியில் 36 மாதத் தவணையாக மாற்றச் சொல்லி எழுதிக் கேட்டேன். முதலில் 24 சதவீதம் என்றார்கள். பேரம் பேசலாம் என்று எனக்குத் தெரிந்ததே அப்போதுதான். மாதத் தவணை 5,061, வட்டிக்கான ஜிஎஸ்டியோடு ஆரம்பத்தில் 5,400 சொச்சம். அதுவரை நான் 'குறைந்தபட்சம்' என்று மாதாமாதம் கட்டிவந்தது 7,000-க்கு மேல். அதிகம் கட்டி முடியாமல் தவித்துவந்தேன், குறைவாகக் கட்டி மூன்று வருடத்தில் முடியப் போகிறது. இந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்வதால் அவர்களுக்கு லாபமில்லை. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கியில் வைத்துக் கார்டை அடைப்பது கணக்குப்படி இன்னும் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் அம்மாவுடைய, மனைவியுடைய நகை. அவர்களிடம் முழு உண்மையைச் சொல்லிக் கேட்க வேண்டும். 'ஒரு அவசரம்' என்று சொல்லி வாங்கிப்போன நகைகளின் கதை எல்லாத் தெருவிலும் இருக்கிறது. எது செய்தாலும் அதே அட்டையை மறுபடி தேய்த்தால் இரண்டு கடன் ஆகிவிடும். நான் அட்டையை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நிலுவை முடிந்த பிறகு மூடக் கேட்டால் 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி.

வருமானமே நின்றுபோனவருக்கு இது பொருந்தாது. பல மாதம் கட்டாமல் விட்ட கணக்கில் வங்கியே 'செட்டில்மென்ட்' பேச வரும், நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து மீதியை வாங்கிக்கொள்ளும். இதைக் கேவலம் என்று நான் நினைக்கவில்லை. பெரிய கம்பெனிகள் செய்வதுதான். ஆனால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்ற சொல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். நாளைக்குத் தம்பியின் கல்விக் கடனுக்கு உடன்கடனாளியாகக் கையெழுத்துப் போடப் போனால் அது குறுக்கே நிற்கலாம். அதனால் கட்ட முடிகிறவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வேண்டுமென்றே நிறுத்துவதை நான் சொல்லமாட்டேன். பேசி முடித்தால், தொகையும் தேதியும் போட்ட கடிதம் வங்கியிடமிருந்து கையில் வரும்வரை ஒரு ரூபாய் கட்டக் கூடாது. கட்டும்போதும் கார்டு கணக்கில்தான் கட்ட வேண்டும், ஏஜெண்டின் ஜிபே எண்ணில் அல்ல. கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றிதழ். 'நாங்கள் உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம்' என்று முன்கூட்டியே ஃபீஸ் கேட்கும் கம்பெனிகள் இன்ஸ்டாகிராமில் நிறைய வந்துவிட்டன. வங்கியோடு பேச இடைத்தரகர் வேண்டாம், வேண்டுமென்றால் சட்ட உதவி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன் 12-ஆவது பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். 15100 என்ற எண். நம்மில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்தியிருக்கிறோம்? லோக் அதாலத் நோட்டீஸ் வந்தால் சம்மன் வந்துவிட்டதாக அழுகிறார்கள். அது சமரசம் பேச வரும் அழைப்பு, போய்ப் பேரம் பேசலாம், ஒத்துவராவிட்டால் கையெழுத்துப் போடாமல் திரும்பலாம். போட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் போன பிறகு இருப்பது 'மஞ்ச நோட்டீஸ்'. நம் ஊரில் அதை வசவாகத்தான் கேள்விப்பட்டிருப்போம். 1920-ஆம் வருடத்து மாகாண திவால் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தனிமனிதர்களுக்கான புதிய திவால் விதிகள் 2016 சட்டத்தில் எழுதப்பட்டும், நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019-ல் அமலுக்கு வந்தன. சாதாரணக் கடனாளிக்கு வரவில்லை. கம்பெனி விழுந்தால் பிடிக்க ஒரு தீர்ப்பாயம், மனிதர் விழுந்தால் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி கிரெடிட் கார்டு கடன்கள் வேகமாகப் பெருகுவதைப் பார்த்துக் கவலைப்பட்டு, அந்தக் கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்றது. அந்தக் கவலையும் வங்கிகளைப் பற்றியதுதான்.

இதெல்லாம் சொல்லிவிட்டு எங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டவுன்ஷிப்பில் எங்களுக்கு ஒரு சின்ன வாசிப்பு வட்டம் உண்டு. அம்பேத்கர், அயோத்திதாசர், பெரியார் என்று படித்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் நான் புத்தகத்துக்குப் பதில் என் பதினெட்டு மாத ஸ்டேட்மென்டை அச்செடுத்துக்கொண்டு போனேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஐந்து பேர் தங்களுடையதைக் கொண்டுவந்தார்கள். அப்ரண்டிஸ் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவர், மூன்று லோன் ஆப்களில் வாங்கி ஒரு கார்டை அடைத்திருந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்குக் கார்டு கிடையாது, நான்கு மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கள். ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் தரக் கூடாது என்று விதி இருப்பதை வாசித்துக் காட்டியபோது, "அப்ப எனக்கு எப்படிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே புகார்க் கடிதமாக எழுதிக் கொடுத்தோம். கடன் யாருக்கும் மறையவில்லை. ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு 'தூக்கம் வரலைண்ணே' என்று சொல்ல முடிகிறது. அந்த நேரத்தில் நம்மால் தாங்க முடியாததாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சில தோழர்களுக்கு இதில் உடன்பாடில்லை. 'இது என்ஜிஓ வேலை, சாதி ஒழிப்பு இயக்கத்தின் வேலை இல்லை' என்றார் ஒருவர். வட்டியைக் குறைக்கச் சொல்லிப் போராடாமல் தவணை போட உதவி செய்வது அமைப்புக்கு எண்ணெய் போடுவதுதான் என்பது அவர் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. வட்டிக்கு உச்சவரம்பு கேட்க வேண்டும், உதவித்தொகை தாமதமானால் வட்டியோடு கொடு என்று கேட்க வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளத் தேதிக்குப் பொறுப்பு யார் என்று கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆள் வசூல்காரனுக்குப் பயந்து செல்போனை அணைத்துவைத்திருக்கிறார், கூட்டத்துக்கே வருவதில்லை. என் கடன் விஷயம் தெரியும்வரை நானும் எட்டு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

போன ஞாயிறு ஒரு பெரியவர் வந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர். மகன் பெயரில் வந்த கடிதங்கள் என்று ஒரு மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தார். பதினான்கு உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், மூன்று மாதமாகப் போன் எடுப்பதில்லை. "பிரிச்சா தப்பாயிடுமோன்னு வெச்சிருந்தேன் தம்பி" என்றார். மகன் சம்மதமில்லாமல் பிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். அப்ரண்டிஸ் தம்பிக்கு அந்த மகனைத் தெரியும், ஒரே பள்ளிக்கூடம். அவன் எண்ணுக்கு என் ஸ்டேட்மென்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார், கீழே 'அண்ணனுக்கும் இருக்குடா, வா பேசலாம்' என்று. இரவு இரண்டு நீல டிக் விழுந்தது.